கார் எது வரைக்கும் போகும்?



போன ஞாயித்துக்கிழமை தோட்டத்துல கருவேப்பிலை கட்டு கட்டிக்கிட்டு இருந்தேன். பெங்களூர்ல வேலை பாக்கற என் அண்ணன் மகன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, நீங்களும் சித்தியும் இமயமலையில ஒரு பூப்பள்ளத்தாக்கு போயிட்டு வந்தீங்கல்ல? நாங்க நாலு பேரு அங்க போலாம்னு இருக்கோம். நாலு நாள் லீவு. கார் எது வரைக்கும் போகும்?"

"புல்னாங்கற ஊர் வரைக்கும் ஜீப் போகும் கண்ணு. அதுக்கு மேல காலுதான்."

"எவ்வளவு தூரம் நடக்கோணும்?"

"பத்து கிலோமீட்டர் ஏத்தம். ஏறி காங்கரியாவுல தங்கோணும். மறுநாள் காலைல இன்னும் மூணு நாலு கிலோமீட்டர் போனாத்தான் பூவு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான். "அங்க ரோப் கார் வரப்போகுதாமே. அது வந்தப்புறம் போயிக்கலாமா?"

அதுக்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. கருவேப்பிலை வாடிப்போகும், அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி மனசுல உக்காந்துக்கிச்சு. அவனுக்குச் சொல்ல நினைச்சதை இங்க எழுதறேன். அவனை மாதிரி கேக்கறவங்க உங்கள்லயும் இருப்பீங்க.

முதல்ல அது என்ன இடம்னு சொல்லிடறேன். உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். பத்ரிநாத் போற அதே ரோட்டுல, பத்ரிநாத்துக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் கீழ கோவிந்த்காட்னு ஒரு ஊரு. அங்கிருந்து பக்கவாட்டுல ஒரு பள்ளத்தாக்கு மேல ஏறுது. மரம் வளர்ற உயரத்தைத் தாண்டினப்புறம் புல்லும் பூவும் மட்டும் இருக்கற வெளி வரும். அந்த மாதிரி மலைப் புல்வெளிக்கு அங்கத்தவங்க 'புக்யால்'னு பேரு வச்சிருக்காங்க. பூப்பள்ளத்தாக்கும் அப்படி ஒரு இடந்தான். 11,000 அடி, 12,000 அடி உயரம். நம்ம ஊட்டி 7,300 அடி சொச்சந்தான், நினைச்சுப் பாத்துக்கங்க. 500 வகைக்கு மேல பூச்செடி இருக்கறதாக் கணக்கு. வருஷத்துல பாதி நாளுக்கு மேல பனிக்கு அடியில கிடக்கும். ஜூன் 1ஆம் தேதி திறந்து அக்டோபர் 31ல மூடிருவாங்க. நல்லாப் பூக்கறது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்குந்தான்.

நாங்க போனது 2024 ஆகஸ்ட். பூவுக்குன்னு கிளம்பலை. எங்க ஊர்ல இருந்து இருபத்திரண்டு பேரு பத்ரிநாத் கிளம்பினோம். நூத்தியெட்டு திவ்யதேசத்துல மூணு அந்த ஒரே ரோட்டுல இருக்கு. தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரிநாத். எங்கம்மா இருக்கும்போதே பத்ரி பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாங்க, நடக்கலை. அவங்களுக்காகவாவது ஒரு தடவை போயிரலாம்னு நானும் எங்கூட்டு அம்மிணியும் பேரு கொடுத்தோம். பூப்பள்ளத்தாக்கு அதே வழியிலங்கறது என் மச்சான் சொல்லித்தான் தெரியும். பத்ரி முடிஞ்சு மத்தவங்க ஹரித்வாருக்கு இறங்கிட்டாங்க. நாங்க மூணு பேரு மட்டும் கோவிந்த்காட்ல இறங்கிக்கிட்டோம்.

ஒரு விஷயம், திட்டம் போடாமலே நல்லதா அமைஞ்சிருச்சு. பத்ரிநாத்தும் காங்கரியாவும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ரெண்டுமே 10,000 அடி. பத்ரியில ரெண்டு ராத்திரி தங்கினதுனால மூச்சு பழகிருச்சு. காங்கரியா ஏறும்போது எங்களுக்குத் தலைவலி, வாந்தி எதுவும் வரலை. டெல்லியில இருந்து நேரா வந்து ஏறின பசங்க ரெண்டு பேரு அங்க ரூமுல சுருண்டு கிடந்தாங்க. போறவங்க இதை மனசுல வச்சுக்கங்க. சாமி கும்பிடாதவங்களா இருந்தாலும் முதல்ல பத்ரியில ஒரு ராத்திரியாவது தங்கிட்டுக் கீழ வந்து ஏறுங்க.

இப்ப வழி. ரிஷிகேஷ்ல இருந்து கோவிந்த்காட் சுமார் 270 கிலோமீட்டர். நம்மூர்ல அஞ்சு மணி நேரம். அங்க வண்டி நிக்காம போனாலே பத்து மணி நேரம் ஆகும். இருட்டினா மலை ரோட்டுல வண்டியை விடறதில்லை. காலைல அஞ்சு மணிக்கு முன்னாடியே பஸ் கிளம்பிரும். வழி பூரா ஆறும் கூடவே வரும். தேவப்பிரயாகையில பாகீரதியும் அலக்நந்தாவும், ருத்ரபிரயாகையில மந்தாகினி, கர்ணப்பிரயாகையில பிண்டர், நந்தபிரயாகையில நந்தாகினி, ஜோஷிமட் தாண்டி விஷ்ணுபிரயாகையில தௌலிகங்கான்னு ஒவ்வொண்ணா வந்து சேரும். பாக்கறதுக்குக் கண்ணு போதாது.

ஆனா பூப் பூக்கற மாசந்தான் அங்க மழை மாசம். மழை மாசந்தான் மலை சரியற மாசம். ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவுல சிரோபகட்னு ஒரு இடம். மழை பேஞ்சா மண்ணும் கல்லும் ரோட்டுல வந்து உக்காந்துக்கும். நாங்க அங்க அஞ்சு மணி நேரம் நின்னோம். ரெண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்குல வண்டி. ஜேசிபி வந்து தள்ளுது, தள்ள தள்ள மேல இருந்து மறுபடி உதிருது. எங்க டிரைவர், அந்த ஊர்க்காரர், பீடி பத்த வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். மலை எப்ப விடுதோ அப்பத்தான் போக முடியும்னார். மனுஷன் முகத்துல ஒரு பதட்டம் இல்லை. எங்க வேன்ல இருந்த ஒருத்தர் மட்டும் டெல்லியில ரயில் டிக்கெட் போயிருமேன்னு பொலம்பிட்டே இருந்தார்.

அதனாலதான் சொல்றேன், நாலு நாள் லீவுல அங்க போக முடியாது. போனாலும் போன மாதிரி இருக்காது. விமானத்துல டேராடூன் வந்து இறங்கினாலும் ரோட்டுக்கு ஒரு நாள், காங்கரியா ஏற ஒரு நாள், பூவுக்கு ஒரு நாள், இறங்க ஒரு நாள், திரும்பற ரோட்டுக்கு ஒரு நாள். பத்ரியில ஒரு ராத்திரி தங்கினா ஆறு நாளாச்சு. அதுக்கு மேல மலைக்குன்னு ரெண்டு நாள் ஒதுக்கி வைக்கோணும். அது சும்மா போகற நாள் இல்லைங்க. நாம நாத்து விடும்போது கொஞ்சம் கூடுதலா விடறோமில்ல, அழுகினது போக மிச்சம் நடறதுக்கு? அந்த மாதிரி.

கோவிந்த்காட்ல அலக்நந்தாவைப் பாலத்துல தாண்டி, ஜீப்புல நாலு கிலோமீட்டர் போனா புல்னா. அதோட ரோடு முடிஞ்சிருது. அங்கிருந்து காங்கரியாவுக்கு நடக்கலாம், குதிரையில போலாம், ஆளு முதுகுல கூடை கட்டித் தூக்கிட்டுப் போவாங்க, அதுக்குக் கண்டின்னு பேரு. நாலு பேரு தூக்கற பல்லக்கு மாதிரியும் உண்டு. கோவிந்த்காட்ல இருந்து ஹெலிகாப்டரும் இருக்கு, மேகம் இறங்கினா பறக்காது. காங்கரியாவுல சீக்கியங்க குருத்வாராவுல சாப்பாடும் போட்டு, படுக்க இடமும் தருவாங்க. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் செங்குத்தா ஏறினா ஹேம்குண்ட் சாஹிப், 14,000 அடிக்கு மேல ஏரிக்கரையில இருக்கற குருத்வாரா. அந்த வழியில நடக்கறவங்கள்ல பத்துக்கு எட்டு ஒன்பது பேரு அங்க போற சீக்கிய பக்தர்கள்தான். பூவுக்குப் போறவங்க கொஞ்சம் பேருதான்.

எங்கூட்டு அம்மிணிக்கு முழங்கால் வலி. அஞ்சாறு வருஷமா இருக்கு. அவளைக் குதிரையில ஏத்தி, நானும் மச்சானும் நடந்தோம். ஆறு மணி நேரம் ஆச்சு. மறுநாள் காலைல ஏழு மணிக்குப் பூப்பள்ளத்தாக்கு கேட்டுக்குப் போனோம். அங்க டிக்கெட் வாங்கி, பேரு எழுதி, கையில இருக்கற பிளாஸ்டிக்கை எண்ணித்தான் விடறாங்க. அதுக்கு உள்ள குதிரை கிடையாது. மத்தியானத்துக்கு மேல யாரையும் உள்ள விடறதில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அத்தனை பேரும் வெளிய வந்தாகோணும். உள்ள தங்க முடியாது, ஒரு டீக்கடை கூடக் கிடையாது.

குதிரை இல்லைன்னதும் நேபாளத்துத் தம்பி ஒருத்தன் கண்டியோட வந்து நின்னான். இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். இவ அவனைப் பாத்தா, கூடையைப் பாத்தா, மாட்டேன்னுட்டா. "என் மகன் வயசுப் பையன் முதுகுல உக்காந்து நான் பூப் பாக்கோணுமாக்கும்?" அவனுக்கு அது பொழப்பு, நீ உக்காந்தாத்தான் அவனுக்குக் காசுன்னு நான் சொன்னேன். கேக்கலை. மெதுவா நடந்து புஷ்பாவதி ஆத்துப் பாலம் வரைக்கும் வந்தா. அதுக்கு மேல நெட்டுக்குத்தா ஏத்தம். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னு ஒரு பாறை மேல உக்காந்துட்டா. மச்சான் தொணைக்கு நின்னுக்கிட்டான். நான் மட்டும் போனேன்.

உள்ள என்ன பாத்தேன்னு சொல்லோணும். போட்டோவுல காட்டற மாதிரி கம்பளம் விரிச்சாப்புல எல்லாம் இல்லை. முதல்ல மேகந்தான். பத்தடிக்கு முன்னாடி ஒண்ணும் தெரியலை. அப்புறம் மேகம் விலக விலக இடுப்பு உயரத்துக்கு ரோஸ் கலர்ல காசித்தும்பை. நம்ம வாசல்ல வைக்கறமே, அந்தச் சாதிதான், ஆனா காடா நிக்குது. குனிஞ்சு பாத்தா அதுக்கு அடியில சின்னச் சின்னதா மஞ்சளு, ஊதா, வெள்ளை. ஒரு பாறை இடுக்குல நீலப் பூ ஒண்ணு, காகிதம் மாதிரி இதழ், தண்டெல்லாம் முள்ளு. நீல பாப்பின்னு பக்கத்துல வந்த மராட்டிக்காரர் சொன்னார். அது மேல மழைத்துளி நின்னுட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்.

விவசாயி கண்ணு பூவோட நிக்காது, மண்ணுக்குப் போயிரும். அங்க கல்லு பதிச்ச ஒத்தையடிப் பாதை ஒண்ணுதான். அதை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பறாங்க. ஆனா போட்டோ எடுக்கறதுக்குன்னு இறங்கின இடம் அங்கங்க தெரியுது. அந்த இடத்துல மட்டும் பூவில்லை, புல்லில்லை, களத்து மேடு மாதிரி மண்ணு இறுகிக் கிடக்கு. மழைத்தண்ணி அதுல இறங்காம மேலயே ஓடி அரிக்குது. நம்மூர்ல அப்படி இறுகின மண்ணை உழவு போட்டு, எரு போட்டு, ஒரு மழை பேஞ்சா தேத்திக்கலாம். அங்க செடி வளர்றதே வருஷத்துல நாலு மாசம். ஒரு சீசன்ல மிதிச்சதை ஆத்தறதுக்கு அதுக்கு எத்தனை வருஷம் வேணுமோ.

இன்னொண்ணும் பாத்தேன். ஒரு செடி மட்டும் புதர் புதரா மத்தது எல்லாத்தையும் அமுக்கிட்டு நிக்குது. அமேலான்னு அந்த ஊர்ல பேரு. வனத்துறை வருஷா வருஷம் ஆளை விட்டுப் பிடுங்கறாங்க, மறுபடியும் வருது. எனக்கு நம்ம பார்த்தீனியம் ஞாபகம் வந்துச்சு. இது வெளியூர்ச் செடி இல்லை, அந்த மலைச் செடியேதான். 1982ல அந்த இடத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினப்புறம் ஆடு மாடு மேய்க்கறதை நிறுத்திட்டாங்க. மேய்ச்சலை நிறுத்தினதுனாலதான் இது பெருகிருச்சுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. அப்படி இல்லை, மேய்ச்சலை நிறுத்தினதுனாலதான் மத்த பூவே தப்பிச்சுதுன்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்களும் இருக்காங்க.

அந்தப் பள்ளத்தாக்கை 1931ல ஃபிராங்க் ஸ்மைத்துங்கற இங்கிலீஷ்காரர் காமெட் சிகரம் ஏறிட்டு இறங்கும்போது கண்டுபிடிச்சார்னு போர்டுல எழுதியிருக்கு. அவருக்கு முன்னாடி காலங்காலமா பியுண்டார் கிராமத்து ஆளுங்க ஆடு ஓட்டிட்டுப் போன இடந்தானே அது? சரி, அது கிடக்கட்டும். பூங்கா வந்தப்புறம் அவங்க மேய்ச்சல் போச்சு. அந்தச் சனங்க என்ன பண்ணினாங்க? குதிரை வாங்கினாங்க. வழியில டீக்கடை போட்டாங்க, காங்கரியாவுல லாட்ஜ் வச்சாங்க. அந்தப் பத்து கிலோமீட்டர் நடைபாதைதான் அவங்களுக்குக் காடு, தோட்டம் எல்லாம். ஊர்க்காரங்களே ஒரு கமிட்டி வச்சு, வழியில விழற பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் குதிரையில கீழ அனுப்பறாங்க. 2013 ஜூன் வெள்ளத்துல அந்தக் கிராமம் சின்னாபின்னம் ஆகியும் திரும்ப வந்து கடையைத் திறந்தாங்க.

இப்ப ரோப் கார் விஷயத்துக்கு வர்றேன். 2025 மார்ச்ல மத்திய அமைச்சரவை கோவிந்த்காட்ல இருந்து ஹேம்குண்ட் சாஹிப் வரைக்கும் 12.4 கிலோமீட்டர் ரோப்வேக்கு ஒப்புதல் கொடுத்திருக்கு. 2,730 கோடி ரூபாய். காங்கரியா வழியாத்தான் போகுது. மணிக்கு ஒரு பக்கத்துக்கு 1,100 பேரு, ஒரு நாளைக்கு 11,000 பேரைத் தூக்கிட்டுப் போகற மாதிரி கட்டப் போறாங்க.

2022ஆம் வருஷ சீசன் பூராவும் பூப்பள்ளத்தாக்குக்குள்ள போனவங்க சுமார் 20,000 பேரு. ரோப்வேக்காரங்க ரெண்டு நாள்ல கொண்டாந்து இறக்கற கூட்டம் அது. அத்தனை பேரும் பூவுக்கு வர மாட்டாங்க, பாதிக்கு மேல குருத்வாராவுக்குத்தான் போவாங்க, ஒத்துக்கறேன். பத்துல ஒருத்தர் இந்தப் பக்கம் திரும்பினாக் கூட ஒரு நாளைக்கு ஆயிரம் பேராச்சு. அதுவும் பூக்கற அந்த ஒண்ணரை மாசத்துக்குள்ள, அந்த ஒத்தையடிப் பாதையில.

எங்க மாமனார் ஊரு காங்கேயம் பக்கம். அந்தப் பக்கம் கொறங்காடுன்னு சொல்லுவாங்க. கிளுவை வேலி போட்டு, உள்ள வெள்வேல மரமும் கொளுக்கட்டைப் புல்லுமா இருக்கற மேய்ச்சல் காடு. உழவு கிடையாது, மாடு மேயறதுக்கே விட்ட நிலம். மாமனாருக்கு எட்டு ஏக்கர் இருந்துச்சு. மூணா வேலி பிரிச்சு வச்சிருந்தார். ஒண்ணுல மாடு மேஞ்சா மத்த ரெண்டுக்கும் படலைச் சாத்திருவார். ஐப்பசி மழை பேஞ்சு புல்லு தலையெடுத்து, விதை விழற வரைக்கும் அந்தப் படலைத் திறக்க மாட்டார். பங்காளி வந்து, என்ர மாடு நாலு இருக்குது, ஒரு வாரம் விட்டுக்கறேன்னு கேட்டாக் கூட, காடு தாங்காதுப்பான்னுதான் சொல்லுவார். அவர் மாட்டை எண்ணிப் படலைத் திறந்த ஆள் இல்லை. புல்லைப் பாத்துத் திறந்தவர். எந்த ஆராய்ச்சியும் படிக்காத மனுஷன்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஒரு புல்வெளிக்கு வழி போடறவங்க கணக்கை எங்கிருந்து ஆரம்பிக்கோணும்? அந்தப் புல்லு எத்தனை காலைத் தாங்கும்ங்கறதுல இருந்து ஆரம்பிக்கோணும். நாம ஆரம்பிக்கறது வண்டியில இருந்து. எத்தனை பேரைக் கொண்டு போக முடியும், எவ்வளவு சீக்கிரம் கொண்டு போக முடியும். கொண்டு போய் இறக்கினப்புறந்தான் இடம் போதுமான்னு பாக்கறோம்.

அதுக்கு ஊட்டி ரோடே சாட்சி. எங்க தோட்டம் காரமடைப் பக்கம். சனிக்கிழமை காலைல கருவேப்பிலை அறுத்து மேட்டுப்பாளையம் கொண்டு போகோணும்னா வெள்ளன நாலு மணிக்கே கிளம்பியாகோணும். கொஞ்சம் அசந்தா ஊட்டிக் கார் வரிசையில மாட்டிக்குவோம், சரக்கு வண்டியிலயே வாடிப்போகும். அத்தனை வருஷம் ரோட்டை அகலம் பண்ணிப் பாத்தாங்க, கூட்டந்தான் கூடுச்சு. கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல கோடை சீசனுக்கு, நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு எண்ணிக்கை வச்சாங்க. வியாபாரிங்களுக்குக் கோபம், அவங்க கஷ்டமும் நிஜந்தான். முதல்லயே எண்ணிக்கை வச்சு, அப்புறம் லாட்ஜும் கடையும் கட்டியிருந்தா இத்தனை சண்டை வந்திருக்காது.

அங்கேயும் எச்சரிக்கை வராம இல்லை. ஜோஷிமட் ஊரு பழைய மலைச்சரிவு மண்ணு மேல உக்காந்திருக்கு, பெரிய கட்டடம் வேண்டாம்னு 1976லயே மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்துச்சு. 2023 ஜனவரியில நூத்துக்கணக்கான வீடு வெடிச்சது, ஜனங்க சாமானைத் தூக்கிட்டு வெளிய வந்தாங்க. நாங்க போனப்போ கூட சுவத்துல வெடிப்பும், அதுல போட்ட சிவப்புக் குறியும் பாத்தோம். கோவிந்த்காட்ல நாங்க தாண்டின அந்தப் பாலம் இருக்கே, அது 2025 மார்ச்ல மலை சரிஞ்சு ஒடிஞ்சு ஆத்துல விழுந்துருச்சு. அப்புறம் சீசனுக்குள்ள அவசரமா இரும்புப் பாலம் போட்டாங்க. ஜோஷிமட்டுக்கு மேல அவுலின்னு ஒரு புல்வெளி. அங்க வண்டி போக ரோடு உண்டு. 2019ல பெரிய பணக்காரங்க வீட்டுக் கல்யாணம் நடந்துச்சு, முடிஞ்சப்புறம் டன் கணக்குல குப்பை, கோர்ட்டு வரைக்கும் போச்சு. அதே மாநிலத்துல ஆலி, பேதினி புக்யாலுக்கு 2018ல நைனிடால் உயர் நீதிமன்றம் ராத்திரி தங்கக் கூடாது, நாளைக்கு 200 பேருக்கு மேல போகக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆகமொத்தம், எண்ணிக்கை வைக்கறது முடியாத காரியம் இல்லை.

இவ்வளவு பேசறியே, உன் பொண்டாட்டி பாலத்துலயே உக்காந்துட்டாளே, முழங்கால் வலிக்காரங்க பூவைப் பாக்க வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். அந்தக் கேள்வி எனக்கும் இருந்துச்சு. வயசானவங்க, கால் இல்லாதவங்க, இருதயக் கோளாறு இருக்கறவங்க எல்லாரும் சாமி கும்பிடப் போற வழிக்கு ரோப்வே வர்றதை நான் எப்படி வேண்டாம்னு சொல்ல முடியும்? குதிரையும் பாவப்பட்ட சீவன்தான். பாரத்தோட வழுக்கற கல்லுல ஏறும்போது பாத்தா வயிறு பதறுது. அதனால ரோப்வேயே கூடாதுன்னு நான் சொல்லலை. அது திறக்கறதுக்கு முன்னாடி மூணு காரியம் முடிவாகோணும்னு சொல்றேன்.

ஒண்ணு, பூப்பள்ளத்தாக்கு கேட்டுல ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு எண்ணிக்கை. ரோப்வே டிக்கெட் வாங்கினவங்களுக்கெல்லாம் உள்ள இடம் உண்டுன்னு யாரும் நினைக்கக் கூடாது. ரெண்டு, கேட்டுக்கு உள்ள இருக்கற அந்தக் கடைசி வழி என்னைக்கும் நடைவழியாவே இருக்கோணும், நடக்க முடியாதவங்களுக்கு மட்டும் கண்டி. மூணு, குதிரைக்காரங்க, கண்டித் தூக்கறவங்க, டீக்கடைக்காரங்க பொழப்பு. ஒரு தடவை மேய்ச்சலை விட்டுக் கொடுத்தாங்க, இப்ப நடைபாதையும் போகப் போகுது. ரோப்வே வருமானத்துல அவங்களுக்குப் பங்கும், அதுல வேலையும் எழுத்துல இருக்கோணும். மேல இருந்து குப்பையைக் கீழ கொண்டு வர்ற வேலையும் அந்தக் கம்பியிலயே நடக்கட்டும். ஆளு ஏறத் தெரிஞ்ச கம்பிக்குக் குப்பை இறக்கத் தெரியாதா என்ன?

அன்னைக்கு நான் திரும்பிப் பாலத்துக்கு வரும்போது மூணு மணி. இவ அதே பாறை மேல உக்காந்துட்டு, மச்சானோட பொட்டுக்கடலை தின்னுட்டு இருந்தா. எனக்கு மனசு கேக்கலை. "இவ்வளவு தூரம் வந்து நீ பாக்காமப் போறியே, ஒரு ரோடு கீடு இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஏனுங்க, நம்மூர் ரோட்டைப் பாக்கறீங்கல்ல?"ன்னா. "என் முழங்காலுக்காக இங்க ஒண்ணும் போட வேண்டாம். இந்த ஆத்தையே நான் காலைல இருந்து பாத்துட்டு இருக்கேன், போதும். எங்கப்பன் காட்டுக்குள்ள மழை மாசத்துல எங்களையே விடமாட்டாரு."

அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசலை. போன்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன். நீலப் பூவை மட்டும் ரெண்டு தடவை பாத்தா.

இதையெல்லாம் நேத்து ராத்திரி அண்ணன் மகனுக்குப் போன்ல சொன்னேன். நீ ரோப்வேக்குக் காத்திருக்க வேண்டாம், இப்ப கால் நல்லா இருக்கும்போதே போயிரு. லீவை எட்டு நாளாக்கு. பத்ரி, ஹேம்குண்ட் போறதுன்னா உத்தராகண்ட் சுற்றுலாத்துறை இணையதளத்துல முன்னாடியே பதிவு பண்ணிரு. பெரிய பெட்டியைக் கோவிந்த்காட் லாட்ஜுல விட்டுட்டு, முதுகுல ஒரு பை மட்டும் எடுத்துட்டு ஏறு. மழைக்கோட்டு நல்லதா வாங்கு, குடை அந்தக் காத்துக்கு நிக்காது. கைக்காசு வச்சுக்க. தண்ணி பாட்டில் ஒண்ணு கொண்டு போயி நிரப்பிக்க, வழியெல்லாம் வாங்கி வாங்கிப் போடாத. முடிஞ்சா குதிரையோ, சுமை தூக்கறதுக்கு ஆளோ வச்சுக்க, பேரம் பேசிக் கசக்காத. உள்ள போனா கல்லுப் பாதையை விட்டு ஒரு அடி கீழ வைக்காத.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "எட்டு நாள் எல்லாம் மேனேஜர் தரமாட்டார் சித்தப்பா"ன்னான்.

"அப்ப அடுத்த வருஷம் போ கண்ணு, பூ எங்கயும் போயிராது"ன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. அது இருக்கறதும் இல்லாததும் இப்ப நம்ம எல்லாரும் எடுக்கற முடிவுல இருக்குது. "சித்தி இருக்கா, பேசு"ன்னு போனை அம்மிணிகிட்ட கொடுத்துட்டு, வாய்க்காலுக்குத் தண்ணி மாத்தப் போயிட்டேன்.